இழுக்க வேண்டியதில்லை

தாரிணி குமிழைப் பிடித்து இழுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். டாஷ்போர்டின் நடுவிலிருக்கும் அந்தச் சின்ன ஸ்டார்ட்டர் குமிழ் அவளுடையது, ஐந்து வயதிலிருந்து அவளுடையது. அப்பா சோக்கைச் சரிபார்த்துவிட்டு "போடு அம்மிணி, இழு!" என்பார், அவள் இரண்டு கையாலும் இழுப்பாள், பச்சை பானெட்டுக்கு அடியில் யாரோ பெரிய மனுஷனைத் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி ஒரு இருமல், ஒரு கனைப்பு, ஒரு வசவு, அப்புறம் கோபம் தணிந்து சீராகப் பேச்சு. இப்போது அந்தக் குமிழ் விழப்போகிற பால்பல் போல லொடலொடவென்று கையோடு வந்தது, விட்டதும் டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். "இழுக்க வேண்டியதில்ல அம்மிணி," என்றார் அப்பா, ரோட்டையே பார்த்துக்கொண்டு. "கெளம்பிருச்சு." கிளம்பித்தான் இருந்தது. ரேஸ் கோர்ஸ் மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன, நடைப்பயிற்சிக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள், பழைய கார் ஊர்வலத்துக்குக் கொடியசைத்த பெரியவரும் கொடியும் பின்னால் போனார்கள், முன்னால் ஒரு கறுப்பு மாரிஸ், பின்னால் ஒரு சிவப்பு ஃபியட், எல்லாம் உறுமிக்கொண்டு வருகின்றன, நடுவில் தான் மட்டும் யாரோ தள்ளிவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து போகிற மாதிரி இருந்தது. முதலில் காதுதான் அடைத்துவிட்டதோ என்று நினைத்தாள். ராத்திரி முழுக்க ரயிலில் ஜன்னலோரம் வந்த காது. கொட்டாவி விட்டுப் பார்த்தாள். காக்கை கத்துவது கேட்டது. அப்பா எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. இந்தக் காருக்குள் உட்கார்ந்து அப்பா எச்சில் விழுங்குவதை அவள் இதுவரை கேட்டதே இல்லை.

"இன்ஜின் எங்கப்பா?" என்று கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே பிடிக்கவில்லை, தொலைந்துபோன செருப்பைக் கேட்கிற குரல். அப்பா நாலே வாக்கியத்தில் சொன்னார். குழந்தைவேலு எதையும் நாலு வாக்கியத்துக்கு மேல் சொல்கிற ஆள் இல்லை. கழட்டியாச்சு, கரண்டு மோட்டார் வெச்சாச்சு, நம்ம ஒர்க்ஷாப்பிலேயே காயில் சுத்துனது. சுத்தி மூணு மாசமாச்சு. இன்ஜின் நம்ம மெக்கானிக் ஹனீபா கிட்ட இருக்குது, கொடிசியா மைதானத்துக்குக் குட்டியானை லாரியில கொண்டாந்திருக்கான், அங்க ஒரு காபிக்கடைக்காரர் வந்து வாங்கிக்கிறாராம், மேல கண்ணாடி போட்டு மேஜை பண்றாராம். "நீ குடுக்கலாம்னா குடுத்துரலாம், இருக்கட்டும்னா இருக்கட்டும், உன்ற இஷ்டம்." நாலு வாக்கியம் முடிந்துவிட்டது, ஆனால் ஐந்தாவதாக ஒன்று சொன்னார். "வண்டியே நீ சொன்னதுக்காக மாத்துனதுதானே." மேஜையா? பெட்ரோல் குடித்த வாய்க்கு மேல் கண்ணாடி போட்டு அதன்மேல் காபியா? நுரையோடு? அவள் வாயைத் திறந்தாள். சென்னையில் அவள் படிக்கிற சட்டக் கல்லூரியில் தாரிணி வாயைத் திறந்தால் ஆசிரியர்களே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், எப்படியும் இருபது நிமிஷம் போகும் என்று தெரியும். இப்போது திறந்த வாய்க்குள் வேப்பமரக் காற்றுதான் போனது. ஏனென்றால் இதற்கு எதிராக அவள் சொல்லக்கூடிய ஒவ்வொன்றுக்கும் பதில் ஏற்கெனவே இருந்தது, அந்தப் பதில்களெல்லாம் அவள் குரலிலேயே இருந்தன.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பொங்கல். வாழையிலையில் இன்னும் பச்சை மொச்சைக் குழம்பு இருந்தது, அப்பா சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல வண்டியை எடுக்கக் கிளம்பினார், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலும் தீபாவளியும் மட்டும் வெளியே வருகிற வண்டி. இவள் எச்சில் கையோடு கேட்டாள்: "உங்க ஒரு ஞாயித்துக்கிழமை ஆசைக்கு ஊரே இருமணுமாப்பா?" நல்ல வாக்கியம். சொன்ன உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது நல்ல வாக்கியம் என்று, நாக்கில் ஒரு ருசி வரும் அதற்கு. அம்மா "சாப்பிடறப்ப என்ன பேச்சு" என்றாள். அப்பா யோசித்துவிட்டு "ஆமா, நீ சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது போதாதா? அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் நல்ல வாக்கியத்தை ஒரு தரம் மட்டும் சொல்லிவிட்டு விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அடுத்த மாதம் பல்கலைக்கழகப் பட்டிமன்றத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் அதே வாக்கியத்தை எடுத்தாள், அதற்கு முன்னால் ஒரு பீடிகையும் போட்டாள்: "எங்க வீட்லயே ஒருத்தர் இருக்காருங்க. பெத்த பொண்ணோட நெத்தியத் தொட்டுப் பார்த்ததைவிட ரேடியேட்டரத் தொட்டுப் பார்த்த நாள்தான் அதிகம். ரெண்டுமே சுடுதான்னுதான் பார்ப்பாரு, ஆனா ஒண்ணுக்குத்தான் தண்ணி ஊத்துவாரு." கூடம் அதிர்ந்தது. கோப்பை கொடுத்தார்கள். யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள், அது எங்கெங்கோ போய், கடைசியில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வந்தது. அனுப்பியது யார்? குழந்தைவேலு. "என்ற பொண்ணு பேசறா, பாருங்க" என்று கீழே எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். இவள் அன்றைக்குச் சிரித்தாள். அப்பாவுக்குப் புரியவே இல்லை பார் என்று அறைத்தோழியிடம் சொல்லிச் சிரித்தாள். புரியவில்லையா? மோட்டார் வைத்திருக்கிறாரே. ஒரு மனுஷன் முப்பத்தெட்டு வருஷம் வைத்திருந்ததைக் கழற்றி எடுத்துவிட்டு, சொன்ன பேச்சு சரிதான் என்று அந்த இடத்தில் ஒரு காயிலைச் சுற்றி வைத்திருக்கிறாரே. பட்டிமன்றத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை. அங்கே தோற்றவர்கள் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள், சாயங்காலம் தங்கள் தங்கள் பழைய கருத்தோடு வீட்டுக்குப் போவார்கள், அதுதானே மரியாதை? பேச்சை இப்படி எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளலாமா? அவள் என்ன சொன்னாள், கழற்று என்றா சொன்னாள்? இருமணுமா என்றுதான் கேட்டாள். கேள்விதானே அது! கேள்விக்குறி இருந்ததே!

வண்டி அவிநாசி ரோட்டுக்குள் திரும்பியது. தலைக்குமேல் பாலம் வந்து வெயிலை மறைத்தது, பாலத்துக்கு அடியில் மற்ற கார்களின் சத்தம் இரண்டு மடங்காகி எதிரொலித்தது, இவர்கள் வண்டி மட்டும் எதிரொலிக்க ஒன்றும் இல்லாமல் நழுவியது. இந்தக் காரில் வேகம் காட்டுகிற முள் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்காது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் இருக்கும், எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, அதனால் சின்ன வயதில் மைலைப் படித்துச் சொல்வது அவள் வேலை. "இருவத்தஞ்சு... முப்பது... அப்பா, நாப்பது! அம்மாகிட்ட சொல்லிருவேன்!" இப்போதும் முள் இருபதில் ஆடியது. அப்பாவுக்கு முன்னால் இருந்த இன்னொரு வட்டத்தில், இன்ஜின் சுற்றுகிற வேகம் காட்டுகிற முள், பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. ஓடுகிற வண்டியில் அது பூஜ்யத்தில் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை, நாடி பார்க்கிற இடத்தில் ஒன்றும் தட்டுப்படாத மாதிரி. பார்க்காதே. முன்னால் பார். முன்னால் கறுப்பு மாரிஸ், அதன் சொந்தக்காரர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டிருக்கிறார், காலையில் அது ஒரு லாரியின் முதுகில் படுத்துக்கொண்டு வந்து இறங்கியதைத் தாரிணி பார்த்தாள். ஓட்டிக்கொண்டு வந்தால் டயரில் அழுக்குப் படுமாம், அழுக்குப் பட்டால் மார்க் குறையுமாம். நடுவர்கள் டார்ச் அடித்துச் சக்கரத்தின் கம்பி கம்பியாகப் பார்ப்பார்களாம். வருஷத்தில் பத்துக் கிலோமீட்டர். மீதி நாளெல்லாம் குளிரூட்டிய கொட்டகையில், ஈரம் உறிஞ்சும் மெஷினோடு. ஐந்து நாளில் இங்கிலாந்திலிருந்து பார்ட்ஸ் கூரியரில் வந்துவிடும், பெட்டியைப் பிரிப்பதைப் படம் எடுத்துக் குழுவில் போடுவார்கள், கீழே நாற்பது பேர் கைகூப்புவார்கள். இது பிரியமா? பிரியம் என்றால் என்னவென்று இவர்களில் ஒருத்தர் கிரீஸ் ஏறிய நகத்தைக் காட்டட்டும் பார்க்கலாம்.

அப்பாவுக்கு இந்த வண்டி கிடைத்தபோது இது வண்டியே இல்லை. வால்பாறையில் தேயிலைத் தோட்டம் பார்த்த ஒரு துரை நாற்பத்தெட்டில் வாங்கி வந்தது, எம்.ஜி., இரண்டே பேர் உட்காரலாம், துரை அதைக் குடையோ தொப்பியோ மாதிரி வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டு ஊருக்குப் போகிறபோது விட்டுவிட்டுப் போனார். அப்புறம் ஒரு மில்காரர் மகன். அவர் அதைச் சோழவரம் ரேஸுக்குக் கொண்டுபோய் அடித்து, நெளித்து, மூன்றாம் வருஷம் வேறு வண்டி வாங்கிக்கொண்டு இதைப் பொள்ளாச்சி ரோட்டுத் தோப்பில் ஒரு கொட்டகைக்குள் தள்ளிவிட்டார். அந்தக் காலத்தில் யாரும் பழைய காரைக் காதலிக்கவில்லை, ஓட்டினார்கள், ஓடாவிட்டால் தள்ளினார்கள். எண்பத்தேழில் அப்பா பார்த்தபோது டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். குஞ்சு பொரிக்கட்டும் என்று பதினெட்டு நாள் காத்திருந்து, தேங்காய் நார் ஏற்றிய லாரியின் மேலே துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டு வந்தார். தெருவே கூடிச் சிரித்தது, பேரீச்சம்பழத்துக்குப் போடுற இரும்பை லாரி வைத்துத் தூக்கிட்டு வந்திருக்கான் பார், பொண்ணு தரமாட்டாங்கடா உனக்கு. பார்ட்ஸ் ஏது? கோயமுத்தூர்தான் பார்ட்ஸ். பம்புசெட்டுக்கு ஊற்றுகிற ஃபவுண்ட்ரியில் பிஸ்டன் ஊற்றினார், ஆவாரம்பாளையத்தில் லேத்தில் கடைந்தார், கார்புரேட்டருக்கு கேஸ்கெட் இல்லையென்று தன் கல்யாணப் பத்திரிகையை வெட்டி வைத்தார், அம்மாவின் பெயர் பாதியும் முகூர்த்த நேரமும் பெட்ரோலில் ஊறி வருஷக்கணக்கில் அந்த இன்ஜினுக்குள்ளேயே இருந்தது. "என்னைய கட்டுனதே அட்டைக்காகத்தான்" என்பாள் அம்மா, வந்தவர்களிடமெல்லாம். அந்த அட்டை? அந்த அட்டை இப்போது குட்டியானையில், சாக்குக்கு அடியில் இருக்கும். அம்மாவின் பாதிப் பெயர் மேல் கண்ணாடி வைத்து, அதன்மேல் ஒருத்தி காலேஜைக் கட் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, குடித்து, படம் எடுத்து... வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. இருக்கட்டும்பா. அவ்வளவுதானே. சொன்னால் என்ன? சொன்னால், எதுக்கு அம்மிணி, நீதானே சொன்ன என்பார். கேலியாகக்கூட இருக்காது, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். அப்போது நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். தப்பா? தப்பே இல்லை! அதுதான் கொடுமை. அவள் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. ஊர் இருமத்தான் செய்கிறது. கமிஷன் அறிக்கை வேண்டுமா, எண் வேண்டுமா, எல்லாம் எடுத்துத் தருவாள். சரியானதைச் சொல்லி, சொன்னது நடந்து, நடந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்றால் தப்பு எங்கே இருக்கிறது? யாரைத் திட்டுவது?

லட்சுமி மில்ஸ் சிக்னலில் எல்லாரும் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே சிவப்பு தொண்ணூறு விநாடி. பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது, பின்னால் கறிப்பையோடு மனைவி, முன்னால் ஹெல்மெட்டை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்ட ஆள். "அண்ணா, செமையா இருக்குதுங்க வண்டி. ஆஃப் ஆயிருச்சுங்களா? சத்தமே வல்லியே. தள்ளோணுங்களா?" அப்பா சிரித்தார். "ஓடிட்டுத்தானுங்க இருக்குது. கரண்டு." "கரண்டா! கரண்டுங்கறாரு பாரு புள்ள," என்று அவன் பின்னால் திரும்பினான். "இதுலயுமா!" அந்தப் பெண் கறிப்பையை மடியில் சரிசெய்துகொண்டு எட்டிப்பார்த்து, "சாமி பொறப்பாடு மாதிரி இருக்குதுங்க," என்றாள். "சத்தம்போடாம அலுங்காம." தாரிணி சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிக்க நேரம் இல்லை, ஏனென்றால் அந்தப் பெண்ணைப் பார்க்கத் திரும்பியவள் கண் திரும்பி வருகிற வழியில் கீழே, கால் வைக்கிற இடத்தில், விழுந்துவிட்டது. இரண்டு பெடல்தான் இருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் புது ரப்பர் விரிப்பு. கிளட்ச் வேண்டியதில்லையே, மோட்டாருக்கு எதற்கு கிளட்ச், கியர் ராடுகூட சும்மா நிறுத்தி வைத்திருப்பதுதான், எங்கும் போகாது. அந்த ரப்பர் விரிப்பின்மேல் அப்பாவின் இடது கால் இருந்தது. வைத்திருந்த மாதிரி இல்லை. வைக்கப்பட்டிருந்த மாதிரி. கயிறு கட்டாத புது ஷூ, அப்பா கயிறு கட்டாத ஷூ போட்டு அவள் பார்த்ததில்லை, அதன் முனை வெளிப்பக்கமாகச் சாய்ந்து, யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போனது போலக் கிடந்தது. அப்புறம் அப்பா செய்ததைப் பார்த்தாள். ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்தார், முழங்காலுக்கு மேல் பேன்ட் துணியைக் கொத்தாகப் பிடித்தார், காலைத் தூக்கி இரண்டு அங்குலம் உள்ளே நகர்த்தி வைத்தார், துணியை நீவிவிட்டார். ஸ்கூட்டர்காரனிடம் பேசிக்கொண்டே. நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போடுகிற மாதிரி, பழகிய கையோடு. பச்சை விழுந்தது. வண்டி நழுவியது.

இருபது. இருபத்திரண்டு. முள்ளையே பார்த்தாள். இது ஒன்றுமில்லை, மரத்துப் போயிருக்கும், ரொம்ப நேரம் உட்கார்ந்தால் எல்லோருக்கும் மரத்துப் போகும். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாரே. காலையிலிருந்து. அவள் ரயிலடியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கியபோது மற்ற எல்லோரும் தங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தார்கள், அப்பா மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார், அவளைக் கண்டதும் கையைத்தான் ஆட்டினார், பையை வாங்க இறங்கவில்லை. பெரிய மகாராஜா என்று நினைத்தாள். கொடியசைத்தவர் எல்லோரையும் படம் எடுக்க அழைத்தபோதும் இறங்கவில்லை. அதற்கு முன்னால்? பொங்கலுக்குப் பிறகு அவள் ஊருக்கே வரவில்லை, இந்த வருஷம் முழுக்க வீடியோ காலில் அதே நாற்காலி, பின்னால் அதே காலண்டர், தேதி மட்டும் மாறும். பிப்ரவரியில் பத்து நாள் அப்பா பேசவே இல்லை. அம்மா எடுத்து, ஒர்க்ஷாப்பில இருக்காரு, ஆர்டர் ஜாஸ்தி, நீ படி, பரிட்சையப் பாரு என்றாள். பரிட்சையப் பாரு. அந்த வார்த்தை! இந்த ஊரில் பரிட்சை நடக்கிறபோது யாருக்கும் ஒன்றும் ஆகாது. மாமா செத்தது பரிட்சை முடிந்த பிறகுதான் இவளுக்குத் தெரியும், பதினொன்றாம் நாள் கழிந்துவிட்டிருந்தது, பிள்ளைகள் படிப்பு கெடக்கூடாது என்று சாவையே ஒத்தி வைத்துச் சொல்கிற ஜனம். அவளுக்கு எப்போதுமே ஏதாவது ஒரு பரிட்சை இருந்துகொண்டுதான் இருந்தது. பிப்ரவரியில் என்ன ஆயிற்று? எந்த ஆஸ்பத்திரி? நரம்பா, முதுகா, சர்க்கரையா? ஒரு பக்கம் மட்டுமா, கை சரியாக இருக்கிறதே, பேச்சு சரியாக இருக்கிறதே, பேச்சு எப்போதுமே நாலு வாக்கியம்தானே, குறைந்திருந்தால் எப்படித் தெரியும்? பிப்ரவரி, அப்புறம் இன்ஜின் கழற்றியது. அதற்கு அப்புறம். அவளுடைய பட்டிமன்றம் அதற்கு ஒரு வருஷம் முந்தி. ஒரு வருஷமாக அப்பா அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை! மாதாமாதம் பெட்ரோல் ஊற்றி ஓட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! கால் போன பிறகுதான் அவள் சொன்னது சரியென்று பட்டிருக்கிறது!

அப்படியானால் அவள் ஜெயிக்கவே இல்லை. இந்த நினைப்பு வந்ததும் முதலில் வந்தது கோபம்தான், வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால் அப்பாவின் கால்மேல் வந்த பயத்தைவிட அது ஒரு விநாடி முந்திக்கொண்டது. ஏமாற்று வேலை! நவ இந்தியாவிலிருந்து பீளமேடு வரைக்கும் அவள் மனசுக்குள் நின்று வாதாடினாள். எதிர்க்கட்சி என் வாதத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வேறு காரணத்துக்காக எழுந்து போவது நியாயமா? கிளட்சை மிதிக்க முடியவில்லை என்று ஒரு மனுஷன் சொல்லக்கூடாதா? சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஹனீபாவிடம் சொல்லலாம், என்னிடம் சொல்லக்கூடாதா? என்னிடம் சொல்வதைவிட என்னிடம் தோற்பது லேசாக இருந்திருக்கிறது. அங்கே வாதம் இடறி நின்றது. மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தாள், மறுபடி அதே இடத்தில் இடறியது. என்னிடம் சொல்வதைவிட என்னிடம் தோற்பது. நாளைக்கு யாராவது, ஏனுங்க குழந்தைவேலு, அந்த இன்ஜினைப் போய்க் கழட்டிட்டீங்களே என்று கேட்டால் என்ன சொல்லுவார்? பொண்ணு சொன்னாளுங்க, புகையாமா, ஊரு கெடுதாமா என்று சொல்லிச் சிரிப்பார். மகளுக்குத் தோற்ற அப்பாவாக இந்த ஊரில் நடமாடலாம், அதில் ஒரு பெருமைகூட இருக்கிறது. நடமாட முடிந்தால். அவள் குனிந்து ஷூவைப் பார்க்கப் போனாள், பார்க்கவில்லை. முப்பது மைல். ஹோப் காலேஜ் மேட்டில் மற்ற வண்டிகள் கியரை இறக்கி முக்கி முனகின, இது முனகாமல் ஏறியது. அந்த மேட்டில் சின்ன வயதில் அப்பா காலைத் தூக்கி அழுத்தி கியரை மாற்றுகிறபோது முழு வண்டியும் ஒரு மூச்சு நிறுத்தும், பிறகு விடும். அவள் அந்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. "என்ன அம்மிணி, பேச்சையே காணோம்?" என்றார் அப்பா. "வண்டிக்கும் சேர்த்து நீ பேசுவீன்னு நெனச்சேன்."

மைதானத்தில் கயிறு கட்டி வரிசை போட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தியதும் முதலில் ஓடி வந்தது ஹனீபா, முப்பது வருஷமாக இந்தக் காரின் வைத்தியர், உக்கடத்தில் கடை, தாரிணியை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "பாப்பா! எப்படி, சொகுசா வந்துச்சா? நட்டு போல்ட்டு எல்லாம் பழைய ஓட்டையிலதான். ஒரு ஓட்டை புதுசா போடல. நாளைக்கே நெனச்சாலும் பழையபடி தூக்கி வெச்சுரலாம்." அவள் இறங்கி அவரைக் குட்டியானைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். சாக்கை விலக்கினார். அங்கே இருந்தது. இவ்வளவு சின்னதா? அவ்வளவு சத்தம் போட்டது இதுவா? எண்ணெய் வாசம் மட்டும் அப்படியே, பொங்கல் வாசம், ஞாயிற்றுக்கிழமை வாசம். "பழையபடி வெக்கலாம்னா ஏண்ணா கழட்டுனீங்க?" என்றாள். ஹனீபா துணியில் கையைத் துடைத்தார். "என்னத்த பண்றது பாப்பா, அன்னைக்குக் கவுண்டம்பாளையம் சிக்னல்ல கிளட்ச்சு மிதிக்க வராம அண்ணா நட்டநடுவுல..." நிறுத்தினார். நாக்கைக் கடித்துக்கொண்டது தெரிந்தது. "அதான், நீ புகை புகைன்னு சொன்னியே. அண்ணா அதையேதான் சொல்லிட்டிருப்பாரு." அவள் தலையை ஆட்டினாள். ஆமாண்ணா, சொன்னேன். நான்தான் சொன்னேன்.

காபிக்கடைக்காரர் அதற்குள் வந்துவிட்டார், முப்பது வயதிருக்கும், சீவிய தாடி, கழுத்தில் காமிரா, நல்ல மனுஷன்தான், கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், சொல்லிட்டீங்கன்னா ஏத்திக்கறேனுங்க. கடையில நட்டநடுவுல வெக்கறோம். பக்கத்துல ஒரு போர்டு, யாரு வெச்சிருந்தாங்க, எந்த வருஷம்னு. மரியாதையா இருக்கும்." பிறகு காருக்குள் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சார், ஒரே நிமிஷம் எறங்கி வந்தீங்கன்னா, இன்ஜின் பக்கத்துல நின்னாப்புல ஒரு போட்டோ. சுவத்துல பெரிசா மாட்டோணும்." சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். வாங்க சார், வாங்க. வெள்ளைக் கையுறைக்காரரும் வந்து நின்றார். அப்பா சிரித்துக்கொண்டே கதவின் கைப்பிடியில் கை வைத்தார். மற்றக் கை முழங்காலுக்கு மேல் துணியைத் தேடியது. வேட்டி கட்டுகிறவர், இன்றைக்கு ஏன் பேன்ட் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, பிடித்துத் தூக்க. சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் ஹனீபாவைத் தேடியது. அவளைத் தேடவில்லை. பதினெட்டு வருஷமாக ஸ்டார்ட்டரை இழுத்தவள் இங்கே நிற்கிறாள், அவளைத் தேடவில்லை.

"எதுக்குங்க போட்டோ?" என்று தாரிணி கத்தினாள். காபிக்கடைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் நடந்து போய் காருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டாள், அப்பாவின் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு. "எது மரியாதைங்க? எழுபத்தேழு வருஷம் ஊர்மேல பொகை விட்ட இன்ஜினு. அதுக்கு கண்ணாடி போட்டு, வெளக்குப் போட்டு, பக்கத்துல எங்கப்பாவ நிக்க வெச்சு மாலை போடாத குறையா மாட்டுவீங்க, உங்க கடைக்கு வர்ற பசங்க அதுமேல கால் போட்டு உக்காந்து பெட்ரோல் எவ்வளவு அழகா இருந்துச்சுன்னு பேசுவாங்க. அதுக்கா நாங்க கழட்டுனோம்? ஒரு கொள்கைக்காகக் கழட்டுனதுங்க இது! கொள்கைக்காக!" மகா மட்டமான வாதம். அவளே எதிரணியில் இருந்திருந்தால் அரை நிமிஷத்தில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். ஆனால் குரல் நன்றாக எழும்பியிருந்தது, கூட்டம் அப்பாவை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது, அதுதான் வேண்டியிருந்தது. வெள்ளைக் கையுறைக்காரர், "அப்ப என்னதானம்மா பண்ணப்போறீங்க அதை?" என்றார். "எங்க வீட்லயே கெடக்கும். சாக்குப் போட்டு மூடி, ஷெட்டுல. யாரும் பாக்க வேண்டாம்." "நீயேதானே வேண்டாம்னு சொன்ன?" முதுகுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். அவள் திரும்பவில்லை. "சொன்னேன். இன்னும் சண்டை முடியலப்பா. அது பாட்டுக்குப் போயிருச்சுன்னா நான் யார்கூடச் சண்டை போடறது?" யாரோ சிரித்தார்கள். காபிக்கடைக்காரர் காமிராவை மூடினார், "சார், உங்க பொண்ணு வக்கீலுங்களா?" என்றார். "ஆகப்போறா," என்றார் அப்பா. "அவ சொன்னா சரிதானுங்க." எத்தனை தரம் கேட்டிருக்கிறாள் இதை, கோப்பை மாதிரி வாங்கி வாங்கி அடுக்கியிருக்கிறாள். கதவு கைப்பிடியிலிருந்து அவர் கை மெல்ல விலகுவதை முதுகில் உணர்ந்தாள்.

ஹனீபா சாக்கை இழுத்து மூடினார். ஒலிபெருக்கியில் வண்டி எண் சொல்லிக் கூப்பிட்டார்கள், எல்லோரும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டுமாம், நாற்பத்தொன்று, எம்.ஜி., வாங்க. தாரிணி ஏறி உட்கார்ந்தாள். பிப்ரவரியைப் பற்றி வீட்டில் போய் அம்மாவிடம் கேட்க வேண்டும், அடுப்படியில், கதவைச் சாத்திவிட்டு, சத்தம் போடாமல். இப்போது வேண்டாம். அப்பா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வண்டியை எடுக்கவில்லை. முன்னால் மாரிஸ் உறுமிக்கொண்டு போய்விட்டது, இடைவெளி விழுந்தது, பின்னால் ஃபியட் ஹார்ன் அடித்தது. அவர் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இழு அம்மிணி," என்றார். அவள் குமிழைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. பிறகு ஐந்து வயதில் செய்த மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் சாய்ந்து, முழு பலத்தோடு இழுத்தாள். குமிழ் லொடலொடவென்று வந்தது. விட்டாள். டக்.

"கெளம்பிருச்சுப்பா," என்றாள்.